டியாகோ கார்சியா: அமெரிக்கத் தளமும் அதற்காகக் காலி செய்யப்பட்ட தீவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடாவில் போர்ப் பேச்சு எழும்போதெல்லாம் நம் செய்தித்தாள்களில் ஒரு தீவின் பெயர் வரும். "டியாகோ கார்சியாவிலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டன" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்த விமானத் தளம் எப்படி வந்தது, அங்கே முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

டியாகோ கார்சியா எங்கே இருக்கிறது?

கன்னியாகுமரியிலிருந்து தென்மேற்கே சுமார் 1,800 கிலோமீட்டர் தூரத்தில், நிலநடுக்கோட்டுக்குக் கீழே. மாலத்தீவுகளைத் தாண்டித் தெற்கே போனால் சாகோஸ் தீவுக்கூட்டம் வரும். அதில் மிகப் பெரிய தீவு இது. பெரியது என்றாலும் நிலப்பரப்பு 30 சதுர கிலோமீட்டருக்குள்தான். பவளப்பாறையால் ஆன ஒல்லியான நிலக்கீற்று வளைந்து போய், நடுவில் ஒரு பெரிய கடல் ஏரியை அணைத்துக்கொண்டிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் காலடித் தடம்போல் இருக்கும். அதனால் அமெரிக்கப் படையினர் இதற்கு "சுதந்திரத்தின் காலடி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தத் தீவின் மக்களுக்கு நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பெயரை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை.

தளம் வருவதற்கு முன் அது ஆளில்லாத தீவா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மொரீஷியஸிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தென்னந்தோப்புகள் போட்டார்கள். வேலைக்கு மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1814 பாரீஸ் உடன்படிக்கையில் மொரீஷியஸோடு சேர்ந்து சாகோஸும் பிரிட்டன் கைக்குப் போனது. 1830களில் அடிமை முறை ஒழிந்த பின், இந்தியாவிலிருந்து கூலியாட்களும் வந்தார்கள். அதில் தென்னிந்தியர்களும் உண்டு. இவர்கள் எல்லாரும் கலந்து, ஐந்தாறு தலைமுறையில் தங்களுக்கென்று ஒரு கிரியோல் மொழியும் பாட்டும் சமையலும் கொண்ட தனி மக்களாகிவிட்டார்கள். இன்று சாகோசியர் என்கிறோம். பழைய பெயர் இலுவா, அதாவது தீவுக்காரர்.

வேலை என்றால் தேங்காய் உரிப்பது, உடைப்பது, கொப்பரை காயவைப்பது, எண்ணெய் ஆட்டுவது. தோட்ட முதலாளி வைத்ததுதான் சட்டம், கூலியும் குறைவு. அதை நான் சொர்க்கமாகக் காட்ட விரும்பவில்லை. ஆனால் வீடு இருந்தது, கொல்லைப்புறத்தில் கோழி இருந்தது, மீன் கடலில் இருந்தது, தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் இருந்தன. முப்பாட்டனைப் புதைத்த மண் ஒருவருக்குச் சொந்த ஊர் இல்லை என்றால் வேறு எது சொந்த ஊர்?

எம்டன் கப்பல் இங்கே போனதா?

போனது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மானியக் கப்பல்தான். கெட்டிக்கார ஆளை "சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல்லைக் கொடுத்த கப்பல். அக்டோபர் 9ஆம் தேதி அது டியாகோ கார்சியா வந்தபோது, உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தீவில் யாருக்கும் அந்தச் செய்தியே தெரியாது! ஜெர்மானியர்களும் சொல்லவில்லை. தோட்ட மேலாளரின் பழுதான மோட்டார் படகைச் சரிசெய்து கொடுத்தார்கள், நிலக்கரி ஏற்றினார்கள், மறுநாள் கிளம்பிவிட்டார்கள். ஒரு மாதத்தில் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை முடித்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை இங்கே கடல் விமானங்களை நிறுத்தியது. புயலில் கரைதட்டிய ஒரு கேட்டலினா விமானத்தின் எலும்புக்கூடு பல ஆண்டுகள் கடற்கரையிலேயே கிடந்தது.

அமெரிக்கா ஏன் இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தது?

1950களின் இறுதியில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்தன. புதிய அரசுகள் அந்நிய ராணுவத் தளங்களை வெளியேறச் சொல்லும் என்ற பயம் வாஷிங்டனில் இருந்தது. அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய ஸ்டூவர்ட் பார்பர் ஒரு வழி சொன்னார்: மக்கள் குறைவான, ஒதுக்குப்புறமான சின்னத் தீவுகளை இப்போதே பிடித்து வைத்துக்கொள்வோம். எதிர்ப்பு சொல்ல ஆள் இருக்காது. அந்தத் தேடலில் முதலிடம் பிடித்தது டியாகோ கார்சியா. ஆப்பிரிக்கா, வளைகுடா, இந்தியா, தென்கிழக்கு ஆசியா எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய கப்பல்கள் நிற்க இயற்கையாகவே பாதுகாப்பான கடல் ஏரி. ஓடுதளம் போடும் அளவுக்கு நேரான நிலம்.

பட்டியலில் அல்டாப்ரா என்ற இன்னொரு தீவும் இருந்தது. அங்கே ராட்சத ஆமைகள் வாழ்கின்றன, அரிய பறவைகளும் உண்டு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விஞ்ஞானிகள் கூடிக் கடுமையாக எதிர்த்தார்கள். பிரிட்டனுக்குப் பணமுடையும் வந்தது. 1967இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆமைகள் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். டியாகோ கார்சியாவில் வாழ்ந்த மனிதர்களுக்காக அப்போது அப்படி ஒரு குரல் எழவில்லை என்பதுதான் மனதை அறுக்கிறது.

மொரீஷியஸிடமிருந்து தீவைப் பிரித்தது எப்படி?

1965இல் மொரீஷியஸ் இன்னும் பிரிட்டனின் குடியேற்ற நாடு. விடுதலைப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. சாகோஸை விட்டுக்கொடுத்தால் விடுதலை என்ற நெருக்கடியில் அதன் தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 30 லட்சம் பவுண்டு கொடுக்கப்பட்டது. 1965 நவம்பர் 8 அன்று "பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்" என்ற புதிய குடியேற்ற நாட்டையே லண்டன் உருவாக்கியது. குடியேற்ற நாடுகள் மறைந்துகொண்டிருந்த காலத்தில் புதிதாக ஒன்று! விடுதலைக்கு முன் ஒரு நாட்டைத் துண்டு போடக் கூடாது என்று அடுத்த மாதமே ஐநா பொதுச்சபை தீர்மானம் போட்டது. பயனில்லை.

1966 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவும் பிரிட்டனும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டன. தீவு 50 ஆண்டுக்கு அமெரிக்கப் பயன்பாட்டுக்கு, தேவைப்பட்டால் மேலும் 20 ஆண்டு. வெளியில் சொன்ன கணக்குப்படி வாடகை கிடையாது. ரகசியமாக, போலாரிஸ் ஏவுகணை வாங்கியதில் பிரிட்டன் தர வேண்டியிருந்த 1.4 கோடி டாலரை அமெரிக்கா தள்ளுபடி செய்தது. நாடாளுமன்றமோ அமெரிக்க காங்கிரஸோ கேள்வி கேட்காமலிருக்க இப்படி ஓர் ஏற்பாடு.

மக்கள் வாழும் தீவை "மக்கள் இல்லை" என்று எப்படிச் சொன்னார்கள்?

ஒரு சொல்லை வைத்து. ஐநா சாசனத்தின்படி, நிரந்தரக் குடிகள் உள்ள குடியேற்ற நாட்டை ஆளும் அரசுக்கு, அந்த மக்களின் நலனைப் பற்றி அறிக்கை கொடுக்கும் கடமை உண்டு. நிரந்தரக் குடிகளே இல்லை என்றால் கடமையும் இல்லை. ஆகவே பரம்பரையாக அங்கே பிறந்தவர்களை எல்லாம் "ஒப்பந்தத் தொழிலாளர்கள்" என்று ஏட்டில் எழுதினார்கள். வேலை முடிந்தது, ஊருக்குத் திரும்புகிறார்கள் என்று கதை.

எழுதியவர்களுக்கு உண்மை தெரியாமல் இல்லை. 1966இல் லண்டன் வெளியுறவு அதிகாரிகள் எழுதிய குறிப்புகள் பிற்பாடு வெளிவந்தன. கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடிகள் யாரும் இருக்க மாட்டார்கள் என்று ஒருவர் எழுதுகிறார். பறவைகளோடு சில டார்சான்களும் மேன் ஃபிரைடேக்களும் (கதைகளில் வரும் காட்டுவாசியும் தீவு வேலைக்காரனும்) இருக்கிறார்களே என்று இன்னோர் அதிகாரி பதில் எழுதுகிறார். அந்த இரண்டு வரிகளில் தெரியும் அலட்சியம்தான் அடுத்து நடந்த எல்லாவற்றுக்கும் அனுமதிச்சீட்டு.

அவர்களை எப்படி வெளியேற்றினார்கள்?

முதலில் சத்தமில்லாமல். மருத்துவத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீஷியஸ் போனவர்கள் திரும்பக் கப்பலேறப் போனபோது, "உங்கள் தீவை விற்றாகிவிட்டது, இனிப் போக முடியாது" என்றார்கள். ரீட்டா பான்கூல்ட் என்ற தாய், அடிபட்ட மகளின் சிகிச்சைக்காக 1960களின் இறுதியில் குடும்பத்தோடு போனவர். மகள் பிழைக்கவில்லை. வீட்டுக்கும் திரும்ப முடியவில்லை. அப்போது சிறுவனாக இருந்த அவர் மகன் ஒலிவியே பான்கூல்ட்தான் பிற்பாடு பிரிட்டன் அரசை நீதிமன்றத்துக்கு இழுத்தவர்.

தீவில் மிஞ்சியிருந்தவர்களுக்கு வரும் அரிசி, மாவு, மருந்து குறைந்துகொண்டே போனது. 1971 ஜனவரியில் எல்லாரையும் கூட்டி, தீவு மூடப்படுகிறது என்று அறிவித்தார்கள். மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவு புல்டோசர்களோடு வந்து இறங்கியது.

அப்புறம் நாய்கள். தீவில் வீட்டுக்கு வீடு நாய் உண்டு, மீன் பிடிக்கக்கூடக் கூட வரும். அவற்றைக் கொல்ல உத்தரவு வந்தது. சுட்டார்கள், விஷம் வைத்தார்கள். முடியாமல் போகவே, கொப்பரை காயவைக்கும் கொட்டகைக்குள் அடைத்து வாகனப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். வளர்த்த பிள்ளைகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்தது நாம்தானோ என்று பயந்ததாகப் பெரியவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு பெட்டி, ஒரு பாய் என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ள விட்டு, நார்ட்வேர் என்ற சரக்குக் கப்பலில் நெருக்கியடித்து ஏற்றினார்கள். தோட்டத்துக் குதிரைகளும் கப்பலில் வந்தன. 1971 அக்டோபரில் டியாகோ கார்சியா காலியானது. சுற்றியுள்ள சாலமன், பெரோஸ் பான்யோஸ் தீவுகளும் 1973 நடுப்பகுதிக்குள் காலி. பெரோஸ் பான்யோஸில் ஏறிய லிஸ்பி எலிசே அப்போது கர்ப்பிணி. குழந்தை பிறந்து இறந்துபோனது. 2018இல் சர்வதேச நீதிமன்றத்தில் ஒளிப்பதிவு மூலம் அதை அவர் சொன்னார். மொத்தத்தில் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் பேர் வரை ஊரிழந்தார்கள்.

மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அவர்களுக்காக ஒன்றும் காத்திருக்கவில்லை. கொப்பரை உடைக்கத் தெரிந்தவர்களுக்குக் கரும்பு நாட்டில் என்ன வேலை? சேரிகளில் ஒதுங்கினார்கள். ஊர் ஏக்கத்தால் செத்தார் என்று சொல்ல அவர்கள் மொழியில் சாக்ரென் என்று ஒரு சொல் உண்டு. இறந்துபோன பலருக்கு அதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

இழப்பீடு கிடைத்ததா?

1970களின் தொடக்கத்தில் 6,50,000 பவுண்டு மொரீஷியஸ் அரசுக்குக் கொடுக்கப்பட்டது. அது மக்கள் கைக்குப் போய்ச் சேர 1977, 78 ஆனது. அதற்குள் விலைவாசி அதைத் தின்றுவிட்டது. லிசெட் தலாத், ஷார்லேசியா அலெக்சிஸ் போன்ற பெண்கள் முன்னின்று தெருவில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்த பிறகு, 1982இல் பிரிட்டன் 40 லட்சம் பவுண்டு தர ஒப்புக்கொண்டது. அதற்கும் விலை இருந்தது: திரும்பும் உரிமையை விட்டுவிடுவதாக ஆங்கிலத்தில் எழுதிய தாளில், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கினார்கள். செஷல்ஸுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு ஒன்றுமே இல்லை.

தளம் எப்படி வளர்ந்தது? என்னென்ன போர்களில் பயன்பட்டது?

முதலில் வெளியே சொன்னது ஒரு சின்னத் தகவல்தொடர்பு நிலையம் என்று. உடைத்த பவளத்தைக் கொட்டி 8,000 அடி ஓடுதளம் போட்டார்கள். அது பிறகு 12,000 அடியானது. அமெரிக்காவின் மிகக் கனமான குண்டுவீச்சு விமானமும் இறங்கலாம். 1979இல் ஈரானில் ஷா ஆட்சி கவிழ்ந்ததும், சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததும் பெரும் பணத்தை இங்கே கொண்டுவந்தன. கடல் ஏரியை ஆழப்படுத்தி, டாங்கி, வெடிமருந்து, எரிபொருள், குடிநீர் எல்லாம் ஏற்றிய கப்பல்களை நிரந்தரமாக நிறுத்தினார்கள். ஆட்கள் மட்டும் விமானத்தில் போனால் போதும், தளவாடம் கப்பலில் வந்து சேரும். 1990இல் குவைத்தை இராக் பிடித்தபோது சவூதிக்கு முதலில் போய்ச் சேர்ந்த கப்பல்களில் இங்கிருந்து போனவையும் உண்டு.

1991 வளைகுடாப் போரில் பி-52 விமானங்கள் இங்கிருந்து பறந்தன. 2001இல் ஆப்கானிஸ்தான் மீதும் 2003இல் இராக் மீதும் நடந்த குண்டுவீச்சுக்கு இதுவே முக்கியத் தளம். பி-2 விமானத்துக்கென்று குளிரூட்டிய தனிக் கொட்டகைகள் உண்டு. 2025 வசந்தத்தில் ஏமன் மீது தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோது அந்த விமானங்கள் மறுபடி இங்கே வரிசையாக நின்றதைச் செயற்கைக்கோள் படங்களில் உலகம் பார்த்தது. இவை போக, ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைக் கவனிக்கும் தரை நிலையங்களில் ஒன்றும் இங்கே இருக்கிறது.

சமையல், சலவை, பராமரிப்பு வேலைகளுக்குப் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். சொந்த மண்ணில் கூலி வேலை செய்யக்கூடச் சாகோசியர்களை நீண்ட காலம் சேர்க்கவில்லை.

1971 வங்கதேசப் போரில் வந்த என்டர்பிரைஸ் கப்பல் இங்கிருந்துதானே வந்தது?

பலரும் அப்படி நினைக்கிறார்கள். இல்லை, வியட்நாம் பக்கமிருந்து மலாக்கா நீரிணை வழியாக வந்தது. அப்போது இங்கே ஓடுதள வேலையே முடியவில்லை. ஆனால் அந்தக் கப்பல் ஏற்படுத்திய கசப்பும் இந்தத் தளத்தின் மீதான இந்தியாவின் சந்தேகமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அதே 1971 டிசம்பரில், சிறிமாவோ பண்டாரநாயக்கவின் முன்முயற்சியில், இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக ஐநா பொதுச்சபை அறிவித்தது.

2004 சுனாமியில் தளம் தப்பியது எப்படி? முன்கூட்டியே தெரியுமா?

நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கில் இழந்த நமக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு. காரணம் கடலின் அடித்தளத்தில் இருக்கிறது. சுனாமி அலை, கரையை நோக்கிக் கடல் மெல்ல மெல்ல ஆழம் குறையும் இடத்தில்தான் உயர்ந்து எழும். டியாகோ கார்சியாவைச் சுற்றிக் கடல் செங்குத்தாக ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அலை எழும்ப இடமில்லாமல் கடந்து போய்விட்டது. சேதம் மிகக் குறைவு. முன்னெச்சரிக்கையால் தப்பிய தளம் இல்லை அது.

ரகசியக் கைதிகளை இங்கே கொண்டுவந்தார்களா?

பிரிட்டன் பல ஆண்டுகள் இல்லவே இல்லை என்றது. 2008 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபேண்ட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு, 2002இல் கைதிகளுடன் இரண்டு அமெரிக்க விமானங்கள் இங்கே எரிபொருள் நிரப்பியதை ஒப்புக்கொண்டார்.

இலங்கைத் தமிழர்கள் இங்கே அடைபட்டிருந்தது உண்மையா?

உண்மை. 2021 அக்டோபரில், கனடா போகும் நோக்கத்தோடு 89 இலங்கைத் தமிழர்கள் வந்த மீன்பிடிப் படகு நடுக்கடலில் தத்தளித்தது. குழந்தைகளும் இருந்தார்கள். பிரிட்டிஷ் கப்பல் அவர்களை டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுவந்தது. இந்தப் பிரதேசத்தில் தஞ்சம் கேட்ட முதல் மனிதர்கள் அவர்கள்தான். வேலியடைத்த சின்ன முகாம், கூடாரங்கள், எலித் தொல்லை, தனியார் காவலர்கள். நாட்கள் என்று நினைத்தது மூன்று ஆண்டானது. உண்ணாவிரதம் இருந்தார்கள், சிலர் தங்களையே காயப்படுத்திக்கொண்டார்கள்.

வழக்கு வந்தபோது தீவின் உண்மையான அதிகாரம் யாரிடம் என்பது தெரிந்தது. 2024 ஜூலையில் அங்கே போய் விசாரிக்க வேண்டிய நீதிபதியும் வழக்கறிஞர்களும் அமெரிக்கா அனுமதி மறுத்ததால் போக முடியவில்லை. செப்டம்பரில்தான் போனார்கள். டிசம்பரில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துவரப்பட்டார்கள். அதே மாதம் நீதிபதி மார்கரெட் ஓபி, அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம், பெயரில் மட்டும்தான் அது சிறை இல்லை என்று தீர்ப்பளித்தார்.

நீதிமன்றங்கள் சாகோசியர்களுக்கு என்ன சொல்லின?

வென்றார்கள், வென்றதைப் பறிகொடுத்தார்கள். 2000 நவம்பரில் ஒலிவியே பான்கூல்ட் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார், வெளியேற்றம் சட்டவிரோதம். 2004இல் நாடாளுமன்றத்துக்கே போகாமல், அரசியின் பெயரால் ஓர் ஆணை பிறப்பித்து, திரும்பும் உரிமையை அரசு ரத்து செய்தது. கீழ் நீதிமன்றங்கள் அந்த ஆணை செல்லாது என்றன. 2008இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 3க்கு 2 என்ற கணக்கில் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதியின் வாக்கு!

மொரீஷியஸ் தனி வழியில் போனது. 2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம் 13க்கு 1 என்ற கணக்கில், தீவுகளைப் பிரித்ததே சட்டப்படி நடக்கவில்லை, பிரிட்டன் விரைவில் வெளியேற வேண்டும் என்று கருத்துரைத்தது. மே மாதம் ஐநாவில் 116 நாடுகள் அதை ஆதரித்தன, 6 நாடுகள் எதிர்த்தன.

சரி, இப்போது தீவு யாருக்கு?

2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சாகோஸின் இறையாண்மை மொரீஷியஸுக்கு. டியாகோ கார்சியா மட்டும் பிரிட்டனுக்கு 99 ஆண்டு குத்தகை, அதற்குச் சராசரியாக ஆண்டுக்கு 10.1 கோடி பவுண்டு. இரு நாடுகளும் முறைப்படி ஏற்ற பிறகே அது நடைமுறைக்கு வரும் என்பது ஏற்பாடு. மற்றத் தீவுகளில் மக்களைக் குடியமர்த்த மொரீஷியஸுக்கு உரிமை உண்டு, டியாகோ கார்சியாவில் இல்லை.

சாகோசியர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. பான்கூல்டின் அமைப்பு ஆதரிக்கிறது. பிரிட்டனில், குறிப்பாகக் கிராலி நகரில் வாழும் பலர் எதிர்க்கிறார்கள். எங்களைக் கேட்காமல் மறுபடி எங்கள் தீவைக் கைமாற்றுகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். கையெழுத்தான அன்று காலைகூட இரண்டு சாகோசியப் பெண்கள் தடை உத்தரவு வாங்கினார்கள். சில மணி நேரத்தில் அது நீக்கப்பட்டது. 1965இலும் மேசையில் அவர்கள் இல்லை, 2025இலும் இல்லை. எந்தத் தரப்பு சரி என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

நாம் போய்ப் பார்க்கலாமா?

முடியாது. சுற்றுலா இல்லை, பயணிகள் விமானம் இல்லை. ராணுவத்தினரும் ஒப்பந்த வேலையாட்களும் அனுமதி பெற்ற சிலரும் மட்டுமே போகலாம்.

சாகோசியர்களில் சுமார் நூறு பேரை 2006 ஏப்ரலில் முதன்முறையாகப் பெரிய குழுவாகக் கப்பலில் அழைத்துப் போனார்கள், சில நாட்களுக்கு மட்டும். ஓடுதளம் மேற்குப் பக்கம். கிழக்குப் பக்கத்தில் பழைய தோட்டத்து வீடுகள் இடிந்து கிடக்கின்றன, தேவாலயம் நிற்கிறது. எண்ணெய்ச் செக்கு இழுக்க முன்னோர்கள் வளர்த்த கழுதைகளின் வாரிசுகள் காட்டுக் கழுதைகளாக அங்கேயே திரிகின்றன. முதியவர்கள் கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்தார்கள், பூ வைத்தார்கள். பிறகு கப்பல் கிளம்பும் நேரம் வந்தது.